உப்பளத்துப் பாலத்துக்குத் தெற்கே

"எங்க வூட்டுக்காரரைக் கொன்னுட்டாங்க. யாருன்னு மட்டும் நீங்க கண்டுபுடிச்சிக் குடுங்க."

நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே அந்த அம்மாள் இதைச் சொல்லிவிட்டார். செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில், ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்த அந்த அலுவலகத்துக்கு இப்படி ஒரு பேச்சோடு அதுவரை யாரும் வந்ததில்லை. மாப்பிள்ளை குடிக்கிறானா, மருமகள் யாரோடு போனில் பேசுகிறாள் என்று கேட்டுத்தான் வருவார்கள். காவல்துறையில் உதவி ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்ற தெய்வநாயகி அதையெல்லாம் பொறுமையாக விசாரித்து, ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிடுவார். அவருக்கு வேன் ஓட்டிக்கொண்டும் ஆட்களைப் பின்தொடர்ந்துகொண்டும் கூடவே இருந்த பூபாலன்தான், ஆறு வருடமாக ஒரு கொலைக்காகக் காத்திருந்தான். அவன் அவசரமாக நோட்டைப் புரட்டிப் பேனாவை உதறிக்கொண்டான்.

"உக்காருங்க. மொதல்ல தண்ணி குடிங்க," என்றார் தெய்வநாயகி. "அப்புறம் ஆரம்பத்துலேர்ந்து சொல்லுங்க."

பெயர் சுஜாதா. வயது ஐம்பத்தொன்பது. இடது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தார். கணவர் ஜெயக்குமார் சரக்கு ரயிலில் கார்டாக முப்பத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். பிள்ளைகள் இல்லை.

"ரிட்டயர் ஆனதும் கோவளத்துல சொல்லி இந்த வண்டியைக் கட்னாரு. மூணு வருசமா எங்களுக்கு அதான் வூடு. முட்டுக்காட்டுலேர்ந்து கிளம்பினா நாலு நாள், அஞ்சு நாள், எங்க தோணுதோ அங்க நிறுத்திகினு, கால்வாயோடவே மாமல்லபுரத்தைத் தாண்டிப் போவோம். அப்புறம் திரும்பி வருவோம்."

பூபாலன் எழுதுவதை நிறுத்தினான். "இன்னா வண்டிம்மா? கேரவனா?"

"படகுதாம்பா. பக்கிங்காம் கால்வாயில ஓட்றது. நாப்பது அடி நீளம், ஏழு அடி அகலம். ஆனா அவரு வாயில வண்டின்னுதான் வரும். முன்பக்கத்தை இன்ஜின்ம்பாரு, பின்பக்கத்தை கார்டு உக்கார்ற பிரேக் வேன்ம்பாரு. கேட்டுக் கேட்டு எனக்கும் அதே வந்துட்சி."

மே மாதம் ஆறாம் தேதி, தங்கை பரிமளாவின் மகளுக்குப் பிரசவம் என்று சுஜாதா ஊரப்பாக்கம் போயிருக்கிறார். பத்தாம் தேதி அங்கே தபாலில் ஒரு கடிதம் வந்திருக்கிறது. இவர் ஓடிப்போய்ப் பார்த்தால், படகு எந்த நாளும் போகாத இடத்தில் கட்டிக் கிடந்தது. ஆள் இல்லை. போலீஸில் புகார் எழுதிக்கொண்டு, அவரே எழுதிவிட்டுத்தானே போயிருக்கிறார் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இன்றோடு பதினெட்டு நாள்.

கடிதத்தைத் தெய்வநாயகி மேசைமேல் விரித்தார். மடிப்புகள் நைந்திருந்தன.

'சுஜாதாவுக்கு, படகை உப்பளத்துப் பாலத்துக்குத் தெற்கே கட்டியிருக்கிறேன். அது இனி ஓடாது. நான் போகிறேன். நீ பரிமளா வீட்டிலேயே இரு. என்னைத் தேட வேண்டாம். ஜெயக்குமார்.'

"கையெழுத்து அவருதா?"

"அவருது மாதிரிதான் கீது. ஆனா அவரு இப்டி எழுத மாட்டாரு மேடம். என்னை வுட்டுட்டுப் போற மனுசன் இல்ல அவரு."

உறையில் திருக்கழுக்குன்றம் அஞ்சல் முத்திரை இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத் தெய்வநாயகி கேட்டார்: "கையில என்ன?"

"இதா? ஏப்ரல் மொத வாரம். கரையிலேர்ந்து ஏறச்சொல்ல வண்டி நவுந்துட்சி. தண்ணியில வுழுந்துட்டேன்."

"யார் நவுத்தினது?"

"தானா நவுந்துட்சி," என்று சுஜாதா ஜன்னல் பக்கம் பார்த்துச் சொன்னார்.

*

அன்றே மூவரும் வேனில் புறப்பட்டார்கள். திருக்கழுக்குன்றத்தைத் தாண்டும்போது பூபாலனுக்குப் பேச்சு நிற்கவில்லை. யாரோடு அவருக்குப் பகை, யாருக்கு அந்தப் படகின்மேல் கண் என்று கேட்டபடியே ஓட்டினான். பகை என்றால் சின்னராசு ஒருவர்தான் என்றார் சுஜாதா. கால்வாய்க் கரையில் இறால் பண்ணை வைத்திருப்பவர். பண்ணைக் கழிவைக் கால்வாயில் விடுகிறார் என்று ஜெயக்குமார் ஊர் ஊராக மனு எழுதிப் போட்டிருந்தார். சின்னராசுவின் அலுவலகம் எங்கே என்று கேட்டான் பூபாலன். "இப்ப தாண்டி வந்தோமே, திருக்கழுக்குன்றம்." அவன் கண்ணாடியில் தெய்வநாயகியின் முகத்தைப் பார்த்தான். அவர் கண்களை மூடிக்கொண்டிருந்தார்.

சீமைக் கருவேலங்களுக்கு நடுவே கால்வாய் பச்சையாக, அசையாமல் கிடந்தது. ஒரு பக்கம் இறால் குட்டைகளில் சக்கரங்கள் தண்ணீரைக் கடைந்துகொண்டிருந்தன. உப்பளத்துப் பாலம் என்பது பழைய செங்கல் பாலம், உயரம் குறைவு. அதற்குத் தெற்கே நூறு அடி தள்ளி, ஒல்லியான அந்த நீளப் படகு இரண்டு முளைகளில் கட்டப்பட்டிருந்தது. கூரைமேல் சூரிய ஒளித் தகடுகள் ஒரு இரும்புச் சட்டத்தில் பதிக்கப்பட்டிருந்தன.

"எப்பவும் பாலத்துக்கு வடக்கேதான் நிப்போம்," என்றார் சுஜாதா. "அந்தச் சட்டம் இடிக்கும். அதனால இதாண்டயே திரும்பிடுவோம்."

தெய்வநாயகி பண்ணையில் வேலை செய்த இருவரைக் கூப்பிட்டார். அவர்களும் பூபாலனும் கழிகளை ஊன்றிப் படகைப் பாலத்தடியில் தள்ளினார்கள். சட்டம் வளைவில் இடித்து நின்றது. ஒரு விரல் அளவுதான், ஆனால் அதற்குமேல் நகரவில்லை.

"அன்னைக்குத் தண்ணி கம்மியா இருந்திருக்கும் மேடம்," என்றான் பூபாலன். "கடல் வத்தச்சொல்ல வந்திருப்பாங்க."

"முகத்துவாரம் மாசி மாசமே மணல் மூடிடுச்சுன்னு இந்தப் பண்ணை ஆளுங்க சொல்றாங்க. கடல் இங்க வரல. தூணைப் பாரு."

பாலத் தூணில் ஈரக் கோட்டுக்கு மேலே வெயிலில் காய்ந்த வெள்ளைக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. தண்ணீர் வாரத்துக்கு வாரம் இறங்கிக்கொண்டுதான் வந்திருக்கிறது. பதினெட்டு நாளுக்கு முன் இன்னும் உயரமாகவே இருந்திருக்கும். அப்படியானால் இந்தப் படகு எப்படி வந்தது?

பூபாலன் தொடையில் தட்டினான். "பாரம்! பாரம் ஏத்தினா படகு இறங்கும். எதையோ ஏத்தியாந்து இந்தாண்ட இறக்கிகிறாங்க. மணலோ, கருங்கல்லோ. கார்டு பார்த்துட்டாரு. முடிச்சிட்டாங்க."

"பாரம்ங்கறது சரி," என்றார் தெய்வநாயகி. அந்த ஒரு பாராட்டே அவனுக்குப் போதுமாக இருந்தது.

உள்ளே சமையல் மேடை, கட்டில், ஒரு அலமாரி எல்லாம் ஒரே வரிசையில் ரயில் பெட்டிபோல நீண்டிருந்தன. மணலோ கல்தூளோ ஒரு பொட்டுக்கூடக் கிடைக்கவில்லை. பின்பக்கத்தில் மோட்டார் இல்லை. மூலையில் நான்கு நீல டிரம்கள், ஒவ்வொன்றும் இருநூறு லிட்டர் பிடிப்பவை, மூடி கழன்று காலியாக நின்றன. "குடிக்கிற தண்ணி புடிக்கறது," என்றார் சுஜாதா. "ரெண்டுதான் ரொப்புவோம். மத்தது சும்மா கிடக்கும்." தெய்வநாயகி டிரம்முக்குள் கைவிட்டுத் தடவி, விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார். நான்கிலும் விளிம்புக்குக் கீழே உப்பு வளையம் படிந்திருந்தது.

கேஸ் சிலிண்டரின் ரெகுலேட்டர் கழற்றித் தனியாக வைக்கப்பட்டிருந்தது. கட்டில்மேல் ஒரு டிரங்குப் பெட்டி. அதில் சுஜாதாவின் புடவைகள், பத்திரங்கள், ரத்த அழுத்த மாத்திரைகள் எல்லாம் ஈரம் படாதபடி பிளாஸ்டிக் பையில் கட்டி அடுக்கப்பட்டிருந்தன.

"இது நீங்க கட்டினதா?"

"இல்ல. நான் வரும்போதே இப்டித்தான் இருந்திச்சி."

அலமாரியில் ஒரு நீள நோட்டு இருந்தது. ஜெயக்குமார் வேலையில் இருந்த காலத்தைப் போலவே தினமும் குறிப்பு எழுதி வந்திருக்கிறார்: எங்கே எத்தனை மணிக்கு வந்தது, எப்போது புறப்பட்டது, யார் குறுக்கே வந்தது. கீழே கார்பன் வைத்து ஒரு நகலும் எடுத்திருந்தார். அது பழக்கம். முதல் பக்கங்களில் எழுத்து அச்சடித்தது போல இருந்தது. 'வண்டி 6.10க்குப் புறப்பட்டது.' 'வண்டி 17.40க்கு வந்தது.' பிப்ரவரிக்குப் பிறகு சில வரிகளில் ஒரு சொல் அளவுக்கு இடம் வெறுமையாக விடப்பட்டிருந்தது. '........ 7.05க்குப் புறப்பட்டது.' ஏப்ரலுக்குப் பிறகு பக்கங்களே இல்லை; நகலோடு சேர்த்துக் கிழிக்கப்பட்டிருந்தன. ஆனால் கார்பன் தாள் மட்டும் நோட்டின் பின்னட்டைக்குள் செருகிக் கிடந்தது.

பூபாலன் அதை வெயிலில் தூக்கிப் பிடித்தான். பலமுறை எழுதி எழுதித் தேய்ந்த தாள். கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பியிருந்தன. ஒரு சொல் மட்டும் மேலிருந்து கீழ்வரை வரிசையாகத் தெரிந்தது. சுஜாதா. சுஜாதா. சுஜாதா. பள்ளிப் பிள்ளைக்கு இம்போசிஷன் கொடுத்த மாதிரி, இருபது இருபத்தைந்து முறை.

அவன் தெய்வநாயகியைக் கரைக்கு இழுத்துக்கொண்டு போகாத குறையாகக் கூட்டிப்போனான்.

"மேடம், எல்லாம் சேர்ந்துட்சி. கையெழுத்தைப் பழகிப் பாத்துகிறாங்க. லெட்டர்ல மொத வார்த்தையே சுஜாதா. எழுதி எழுதிப் பழகிட்டு, பக்கத்தைக் கிழிச்சிட்டான். கார்பனை மறந்துட்டான். இன்னொண்ணு, லெட்டர்ல 'படகை'ன்னு கீது. அவரு வாயில படகுன்னு வரவே வராதாம், வண்டிதானாம்! எழுதினவன் வேற ஆள் மேடம். போஸ்ட் பண்ணது திருக்கழுக்குன்றம். சின்னராசு ஆபீஸும் திருக்கழுக்குன்றம்."

"அந்த வார்த்தையை நானும் பார்த்தேன்," என்றார் தெய்வநாயகி. "நல்லா கவனிச்சிருக்க."

ஆனால் அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. படகின் வாசலில் உட்கார்ந்து மூடிய டிரங்குப் பெட்டியின்மேல் கை வைத்திருந்த சுஜாதாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

*

சின்னராசு அவராகவே வந்துவிட்டார். பண்ணை ஆட்களைக் கழி ஊன்ற யார் கூப்பிட்டது என்ற கோபம். பூபாலன் நேரடியாகவே கேட்டான்: "கார்டு சாரோட சண்ட போட்டீங்களா?"

"போட்டேன். இல்லன்னு சொல்லலியே. ஏப்ரல் கடைசில ஒரு நாள் காலையில வந்து, என் பைப்பைக் காட்டி அசிங்கமா திட்டினாரு. நானும் திட்டினேன். அதே மனுசன் மத்தியானம் வந்து, சிரிச்சிகினு வணக்கம் வெச்சி, 'நீங்க இங்க புதுசா வந்தவரா'ன்றாரு. சாயங்காலம் மறுபடி வந்து, 'இங்க சின்னராசுன்னு ஒரு ஆளாமே, எங்க கீறான்'னு என்னாண்டயே கேக்கறாரு. நக்கல் பண்றாரு மேடம்! வயசானவராச்சேன்னு வுட்டேன். வேற யாருன்னாலும் கால்வாயில இறக்கி வுட்டிருப்பேன்."

"பாத்தீங்களா," என்று பூபாலன் கண்ணால் சொன்னான். தெய்வநாயகி சின்னராசுவிடம் நாளைக் காலை பத்து மணிக்கு இங்கே வரமுடியுமா என்று மட்டும் கேட்டார்.

மோட்டார் கிடைக்க ஒரு மணி நேரம்தான் ஆயிற்று. இந்தப் பக்கத்தில் படகு மோட்டார் பழுது பார்ப்பவன் அரசு ஒருவன்தான். சதுரங்கப்பட்டினம் மீனவர் குப்பத்தில் கொட்டகை போட்டிருந்தான். ஜெயக்குமாரின் மோட்டார் அங்கே சாக்கால் மூடிக் கிடந்தது. ரிப்பேருக்குக் கொடுத்தார், மே முதல் தேதியே கொடுத்தார், அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவில்லை, உப்பளத்துப் பாலத்துப் பக்கமே போகவில்லை என்றான் அரசு. பேசும்போது கையில் இருந்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தான். மோட்டார் இல்லாமல் அந்தப் படகு பாலத்தடிக்கு எப்படி வந்தது என்று தெய்வநாயகி கேட்கவில்லை. அவனையும் பத்து மணிக்கு வரச்சொன்னார்.

திரும்பும் வழியில் சாப்பிட நிறுத்தினார்கள். சுஜாதா எதுவும் வேண்டாம் என்று வேனிலேயே இருந்துவிட்டார். தெய்வநாயகி இட்லியைப் பிட்டுவிட்டு அப்படியே வைத்தார்.

"யாருன்னு தெரிஞ்சிபோச்சா மேடம்?"

"தெரிஞ்சுது."

"அப்ப ஏன் நாளைக்கு? இன்னிக்கே அமுக்கிடலாமே."

"அந்தம்மாவுக்கு இன்னும் ஒரு நாள் கொலைகாரன் ஒருத்தன் இருந்துட்டுப் போகட்டும்," என்றார் அவர். பூபாலனுக்கு அது விளங்கவில்லை.

*

காலை பத்து மணிக்கே வெயில் கொளுத்தியது. படகின் தாழ்வான கூரைக்குக் கீழே நான்கு பேர் உட்கார்ந்தார்கள். சின்னராசு கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அரசு வாசலோரமாக, எழுந்து ஓட வசதியாக உட்கார்ந்திருந்தான். பூபாலன் வாசலை அடைத்து நின்றுகொண்டான்.

"அரசு," என்றார் தெய்வநாயகி, ஏதோ கடைக்குப் போய்வந்த கதை கேட்பதுபோல. "நாலு டிரம்மும் ரொப்ப எவ்வளவு நேரம் ஆச்சு?"

"ரெண்டு மணி நேரம் ஆச்சி மேடம், அந்த பம்பு..." என்று சொன்னவன் அப்படியே நின்றுவிட்டான்.

சுஜாதா அவனைப் பார்த்தார். "நீயாடா? நீயா?"

"அவன் கொல்லலம்மா," என்றார் தெய்வநாயகி. "யாருமே கொல்லல. நான் சொல்றதைக் கேளுங்க. வேணாம்னு தோணினா நடுவுல நிறுத்தச் சொல்லுங்க."

அவர் டிரம்மைக் காட்டினார். "பூபாலன் சொன்ன மாதிரி பாரம் ஏத்தித்தான் இந்தப் படகு பாலத்தைத் தாண்டிச்சு. ஆனா பாரம் மணல் இல்ல, கல்லு இல்ல. குடிதண்ணி பிடிக்கிற டிரம்முல உப்பு வளையம் இருக்கு. கால்வாய்த் தண்ணி. நாலு டிரம்முல எண்ணூறு கிலோ. அன்னைக்குத் தண்ணி கொஞ்சம் கூட இருந்தாலும், ரெண்டு விரல் இறங்க அது போதும். இந்த யோசனை யாருக்கு வரும்? ஏத்தின வேகன் இறங்கி நிக்கும், காலி வேகன் தூக்கி நிக்கும்னு முப்பத்தாறு வருஷம் பார்த்தவருக்கு வரும்."

"அவரேவா?" என்றான் பூபாலன்.

"தாண்டின பிறகு தண்ணியைக் கொட்டியிருக்காங்க. கடத்தல்காரன் படகை வேணும்னா கொண்டுபோவான், வேண்டாம்னா அப்படியே விட்டுட்டு ஓடுவான். மெனக்கெட்டு டிரம்மைக் காலி பண்ண மாட்டான். கொலைகாரன் செத்தவனோட சம்சாரத்தின் மாத்திரையைப் பையில கட்டி வைக்க மாட்டான். கேஸைக் கழட்டி வைக்க மாட்டான். இது திருட்டு இல்ல. இந்தப் படகு மறுபடி ஓடக் கூடாது, இதுல சுஜாதாம்மா மறுபடி குடியிருக்கக் கூடாதுன்னு ஒருத்தர் நினைச்சிருக்கார். அவங்க மேல அக்கறை இருக்கிற ஒருத்தர்."

"ஆனா லெட்டர்ல 'படகு'ன்னு..." பூபாலனின் குரல் இறங்கிவிட்டது.

"அதுதான் எல்லாத்தையும் சொல்லுச்சு. நீ அதை வேற ஆள் எழுதினதுக்கு அடையாளம்னு எடுத்த. நானும் மொதல்ல அப்படித்தான் எடுத்தேன். நோட்டைப் பார்த்த பிறகு மாத்திக்கிட்டேன். பிப்ரவரியிலேயே 'வண்டி'ங்கற இடத்துல வெறும் இடம் விட்டிருக்கார். அதே கை, அதே பேனா. வேற யாரும் எழுதல. எழுதும்போது அந்த வார்த்தை அவருக்கு வரல. பிறகு வரும்னு இடம் விட்டார். கடைசில வராமலே போயிடுச்சு. ஊர்ல எல்லாரும் சொல்ற வார்த்தை மட்டும் மிஞ்சிச்சு."

கால்வாயில் எங்கோ ஒரு மீன் துள்ளி விழுந்தது.

"சின்னராசு, உங்களை அவர் நக்கல் பண்ணல. காலையில பார்த்த முகம் மத்தியானம் அவருக்கு ஞாபகம் இல்ல."

சின்னராசு கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

"அப்ப அந்தக் கார்பன்?" என்று கேட்டான் பூபாலன். கேட்ட உடனே அவனுக்குப் பதில் தெரிந்துவிட்டது. கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

"கையெழுத்துப் பழகல. பேரைப் பழகியிருக்கார்," என்றார் தெய்வநாயகி. "போயிடக் கூடாதுன்னு. அதை நீங்க பார்த்துடக் கூடாதுன்னு பக்கத்தைக் கிழிச்சிட்டார்."

பிறகு அவர் சுஜாதாவின் பக்கம் திரும்பினார். "வண்டி புறப்படறதுக்கு முன்னாடி கார்டு விசில் ஊதணும், கொடி காட்டணும். இந்தப் படகுலயும் அவர் அப்படித்தானே செய்வார்?"

"ஆமா," என்றார் சுஜாதா. "தினமும் ஊதுவாரு. ஊதாம எடுக்கவே மாட்டாரு."

"நீங்க விழுந்த அன்னைக்கு ஊதினாரா?"

சுஜாதா கட்டுப் போட்ட கையைப் பார்த்தார்.

"ஊதல. நான் ஒரு கால் கரையில, ஒரு கால் வண்டில. அவரு மோட்டாரை எடுத்துட்டாரு. தண்ணிக்குள்ளேர்ந்து கூப்புட்றேன், திரும்பியே பாக்கல. அம்பது அடி போய்ட்டு அப்புறம்தான் நின்னாரு. வந்து தூக்கினாரு. ராத்திரியெல்லாம் அழுதாரு. நான்தான், தானா நவுந்துட்சின்னு சொன்னேன். அவராண்டயும் சொன்னேன், எல்லாராண்டயும் சொன்னேன்." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "எனக்குத் தெரியும் மேடம். நெருப்பை அணைக்காம வுடுவாரு. வந்த வழியே திரும்பிப் போவாரு. தெரிஞ்சும் தெரியாத மாதிரி வெச்சிருந்தேன். யாரோ கொன்னுட்டாங்கன்னா... அதுகூடத் தேவலன்னு இருந்திச்சி."

அரசு அப்போது உடைந்து அழ ஆரம்பித்தான்.

"நான் மாட்டேன்னுதான் சொன்னேன் யக்கா. ஒரு நாள் முழுக்க எங்கொட்டகையில உக்காந்துகினாரு. டாக்டராண்ட தனியா போய் வந்துகிறாரு. ரெண்டு வருசத்துல எல்லாம் பூடும்னு சொல்லிட்டாங்களாம். 'அடுத்த வாட்டி அவ வுழுந்தா நான் திரும்பிப் பாக்காமலே போய்டுவேன்டா அரசு'ன்னு சொன்னாரு. பாலத்தைத் தாண்டி வெச்சிட்டா அவ படகாண்ட வர மாட்டா, தங்கச்சி வூட்லயே இருந்துடுவான்னு சொல்லிகினே இருந்தாரு. டிரம்மு ரொப்பறச்சொல்ல மூணு வாட்டி என்னாண்ட கேட்டாரு, இன்னாத்துக்குடா ரொப்பறோம்னு. அப்பவே வுட்டுட்டு வந்திருக்கணும். எங்கம்மா மேல சத்தியம் வாங்கிட்டாரு."

"எங்க வுட்ட?"

"திருக்கழுக்குன்றம். மலைக்குப் பின்னாண்ட ஜெபசிங் ஐயா நடத்தற முதியோர் இல்லம். பைக்குல கூட்டினு போனேன். போற வழியில லெட்டரைப் போஸ்ட்ல போட்டாரு. விலாசத்தைச் சீட்டுல எழுதி வெச்சினு, அதைப் பாத்துப் பாத்து எழுதினாரு."

சுஜாதா எழுந்து நின்றார். கூரை தலையில் இடித்தது, அதைக்கூட உணரவில்லை. "உயிரோடதான கீறாரு?"

"கீறாரு யக்கா," என்றான் அரசு. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. "போன வாரம் பாக்கப் போனேன். என்னைத் தெரியல."

*

ஜெபசிங் மெலிந்த, மெதுவாகப் பேசுகிற மனிதர். ஜெயக்குமார் கையெழுத்திட்ட படிவத்தை எடுத்துக் காட்டினார். உறவினர் என்ற இடத்தில் 'யாரும் இல்லை' என்று இருந்தது.

"வந்த அன்னைக்கு நல்லா பேசிக்கிட்டிருந்தார். அவர் தெளிவா இருந்ததால நானும் நம்பிட்டேன்," என்றார். "ஆனா இடம் மாறினா சிலருக்குச் சட்டுனு இறங்கிடும்மா. பழகின கட்டில், பழகின ஜன்னல், பழகின ஆள் யாரும் இல்லன்னா பிடிச்சுக்க எதுவும் இருக்காது. டாக்டர் ரெண்டு வருஷம் சொன்னது இவருக்கு மூணு வாரத்துல வந்திருச்சு."

பூபாலன் தரையைப் பார்த்தான். நல்லது என்று நினைத்து அந்த மனிதர் தன் கையாலேயே தன்னை முடித்துக்கொண்டிருக்கிறார். இதில் யாரைப் பிடிப்பது, யார் கையில் விலங்கு போடுவது? ஆறு வருடம் காத்திருந்ததை நினைத்து அவனுக்கு வெட்கமாக இருந்தது.

முற்றத்தில் வேப்பமர நிழலில் ஒரு பெஞ்சு. அதில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் முதுகை நேராக வைத்து உட்கார்ந்திருந்தார். முகம் மழித்து, தலை வாரியிருந்தது. சுஜாதா கிட்டே போனதும் அவர் மரியாதையாக நகர்ந்து இடம் விட்டார்.

"உக்காருங்கம்மா. வெயில்ல நிக்காதீங்க."

சுஜாதா உட்கார்ந்தார். பூபாலனும் தெய்வநாயகியும் தூணோரம் நின்றுவிட்டார்கள்.

"ஊருக்குப் புதுசா?"

"ஆமா," என்றார் சுஜாதா.

"யாரைப் பாக்க வந்தீங்க?"

சுஜாதா புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டார். "தெரிஞ்சவர் ஒருத்தரை."

அவர் தலையாட்டினார். சற்று நேரம் காகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அக்கம்பக்கம் திரும்பிப் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உங்களைப் பாத்தா நல்ல மாதிரியா கீறீங்க. ஒரு ஒத்தாசை பண்ணணும். என் சம்சாரம் என்னைத் தேடிகினு வருவா. வந்தா, நான் இங்க இல்லன்னு சொல்லிடுங்க."

"ஏன்?"

"அவ தண்ணியில வுழுந்துட்டா. என்னாலதான். நான் கூட இருந்தா மறுபடி வுழுவா. அவ எங்கியாவது நல்லா இருக்கட்டும். நான் இங்க கீறது அவளுக்குத் தெரியக் கூடாது. சொல்லிட மாட்டீங்களே?"

தெய்வநாயகி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பூபாலன் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை.

"சொல்ல மாட்டேன்," என்றார் சுஜாதா.

"சத்தியமா?"

அவர் கையை நீட்டினார். சுஜாதா தன் வலது கையை அதன்மேல் வைத்தார். "சத்தியமா."

ஜெயக்குமார் பெருமூச்சு விட்டு, பெரிய பாரம் ஒன்றை இறக்கி வைத்தவர்போலப் பெஞ்சில் சாய்ந்துகொண்டார்.

சுஜாதா ஊரப்பாக்கம் திரும்பவில்லை. மலையடியில் ஒரு அறை எடுத்துக்கொண்டார். நான்கு டிரம்மையும் ரொப்பிப் படகை வடக்கே கொண்டுவந்து தருகிறேன் என்று அரசு இரண்டு முறை வந்து கேட்டான், வேண்டாம் என்றுவிட்டார். இல்லத்தில் பார்வையாளர் நேரம் தினமும் நான்கு மணி. நான்கு மணிக்கு அவர் போய் நிற்பார். ஜெயக்குமார் நகர்ந்து இடம் விட்டு, ஊருக்குப் புதுசா என்று கேட்பார். கொஞ்ச நேரம் கழித்து அக்கம்பக்கம் பார்த்து, குரலைத் தாழ்த்துவார். சுஜாதா ஒவ்வொரு நாளும் அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்துவிட்டு, ஐந்து மணிக்கு எழுந்து வந்தார்.